கண் நம்முடையது, உரிமை அவர்களுடையதா?



"இனி எல்லாம் டிஜிட்டல்" என்ற பேச்சு கொழும்பு ஹோட்டல் கருத்தரங்குகளைத் தாண்டிப் பெரட்டுக் களத்துக்கு வந்துவிட்டது. கொழுந்து நிறுக்க மின்தராசு. செக்ரோல் புத்தகத்துக்குப் பதிலாகக் கணினி. கொழுந்து வெட்ட மெஷின். மருந்தடிக்க ட்ரோன். அடுத்து வருவது, இலையைப் படம் பிடித்தால் என்ன நோய் என்று சொல்லும் போன். தொழில்நுட்பம் தோட்டத்தைக் காப்பாற்றும், எதிர்ப்பவர்கள் பிற்போக்காளர்கள் என்று கம்பனிகளின் பேச்சாளர்கள் மேடைக்கு மேடை சொல்கிறார்கள்.

நாம் எந்த மெஷினுக்கும் எதிரிகள் அல்ல. சுமை குறைந்தால் யாருக்கு நல்லது? கூடையைத் தலையில் மாட்டி மலை ஏறும் பெண்ணுக்குத்தானே முதலில் நல்லது? நாம் கேட்பது வேறு. அந்தப் புதுமைக்குள்ளே இருக்கும் அறிவு யாருடையது? அதனால் வரும் இலாபம் யாருக்கு? அதன் திரை யாருடைய முகத்தைப் பார்த்து நிற்கிறது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் வராமல் எந்த "நவீனமயமாக்கலுக்கும்" தலையாட்ட வேண்டிய கடமை நமக்கு இல்லை.

ஆக்கவுரிமை என்ற சொல்லைக் கேட்டதும், "அது படித்தவர்கள் விஷயம், நமக்கு எதற்கு?" என்று நம்மில் பலர் ஒதுங்கிப் போகிறோம். பேட்டன்ட் என்று போனிலும் பெட்டியிலும் போட்டிருப்பார்களே, அதேதான். ஒதுங்கிப் போனதால் நாம் எதை இழந்திருக்கிறோம் என்று பார்ப்போம்.

தராசுக்கு எத்தனை முகம்?

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே பருப்பு நிறுக்கும் மின்தராசுகள் பலவற்றில் இரண்டு திரை உண்டு. ஒன்று கடைக்காரரைப் பார்க்கும், மற்றது வாங்குபவரைப் பார்க்கும். கால் கிலோ பருப்பு வாங்குபவருக்கும் தன் எடையைத் தானே பார்க்கும் வசதி இருக்கிறது.

நம் கொழுந்து மடுவத்துக்கு வாருங்கள். காலை, பகல், மாலை என்று கொழுந்து நிறுக்கிறார்கள். எண் எரியும் திரை எந்தப் பக்கம் இருக்கிறது? பல இடங்களில் நிறுப்பவர் பக்கம். வரிசையில் நிற்கும் பெண்ணுக்குக் காதில் விழும் எண்தான் கணக்கு. அதிலும் சாக்குக் கழிவு, தண்ணீர்க் கழிவு என்று கழித்த பிறகுதான் எழுத்து. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்ற நோர்முக்கு ஒரு கிலோ குறைந்தால் பேர் அரைப் பேராகும் தோட்டங்கள் இருக்கின்றன. அந்த ஒரு கிலோ எங்கே போனது என்று காட்டும் திரை, அதைத் தூக்கி வந்தவளுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது.

"இரண்டாவது திரை வைக்கச் செலவாகும்" என்று ஒரு பதில் சொல்வார்கள். அந்தப் பதில் எடுபடாது. எண்களைக் காட்டும் திரவப் படிகத் திரை ஆய்வுகூடத்தில் பிறந்தது 1960களில். இன்று கைக்கடிகாரத்திலும் கல்குலேட்டரிலும் நாம் காணும் திரைக்கு வழிவகுத்த ஆக்கவுரிமைக்கு சுவிற்சர்லாந்தில் ஷாட், ஹெல்ஃபிரிஷ் என்ற இருவர் விண்ணப்பித்தது 1970 டிசம்பரில். ஆக்கவுரிமைக்கு ஆயுள் உண்டு. நம் நாட்டுச் சட்டத்தில் அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அதன்பின் அந்த அறிவு ஊர்ச்சொத்து, யாரும் செய்யலாம், யாருக்கும் கூலி கட்ட வேண்டியதில்லை. ஆகவே அந்தத் திரைக்கு இன்று உரிமைக் கட்டணமும் இல்லை, பெரிய விலையும் இல்லை. பருப்புக் கடைக்காரரால் வைக்க முடிந்த இரண்டாவது திரையைப் பெருந்தோட்டக் கம்பனியால் வைக்க முடியாதா? முடியும். மனம்தான் இல்லை.

மெஷின் வந்த கதை

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்டார் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. ஆரம்பத்தில் அங்கே தேயிலையை மேசை மேல் போட்டுக் கையால்தான் உருட்டினார்கள். யாருடைய கை? அந்தக் கைகளுக்குப் பாடப் புத்தகத்தில் பெயர் இல்லை.

பின்னர் மெஷின் வந்தது. அசாமில் வில்லியம் ஜாக்சன் 1870களில் உருட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். கச்சாரில் தோட்டம் நடத்திய சாமுவேல் டேவிட்சன் தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு ஆக்கவுரிமை எடுத்து, 1881இல் பெல்பாஸ்ட் நகரில் சிரொக்கோ தொழிற்சாலையைத் தொடங்கினார். நம் பழைய ஸ்டோர்களில் வேலை செய்த பெரியவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். 1930இன் அளவில் வில்லியம் மெக்கேர்ச்சர் அசாமில் சீ.ரீ.சீ. இயந்திரத்தைச் செய்தார்.

இவர்கள் கெட்டிக்காரர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். உருட்டும் இயந்திரம் எதைப் பார்த்துச் செய்யப்பட்டது? கையால் உருட்டியவரின் கையைப் பார்த்து. இலை எந்தப் பதத்தில் வாடியிருக்க வேண்டும், எவ்வளவு அழுத்தினால் சாறு வரும், எப்போது வாசனை மாறும் என்பதெல்லாம் தினமும் அதைத் தொட்டவர்களின் அனுபவம். அந்த அனுபவம் இரும்பாக மாறி ஒருவருடைய பெயரில் பதிந்தது. வேலையாளுக்கு மிஞ்சியது அந்த இரும்பைத் துடைக்கும் வேலை.

150 ஆண்டுக்கு முன்பு கைக்கு நடந்தது, இப்போது கண்ணுக்கு நடக்கப் போகிறது. அதைத்தான் இந்தக் கட்டுரை சொல்ல வருகிறது.

நோயை முதலில் காண்பவர் யார்?

இந்த நாட்டுத் தோட்டத் தொழிலின் தலையெழுத்தை மாற்றியது ஒரு இலை நோய். 1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில் இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் தூள் காணப்பட்டது. பேராதனையிலிருந்து மாதிரி இங்கிலாந்துக்குப் போனது. அங்கே அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தும் பயன் இல்லை. இருபது ஆண்டுக்குள் கோப்பி முடிந்தது. துரைமார் கப்பல் ஏறினார்கள், அல்லது தேயிலைக்கு மாறினார்கள். கோப்பிக்காகக் கொண்டுவரப்பட்ட நம் முன்னோர் வேலையும் சம்பளமும் இன்றித் தவித்தார்கள். நோயைக் காலத்தோடு கண்டறிவது என்பது நமக்கு வயிற்றுப் பிரச்சினை.

தேயிலைக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 1946இல் கொப்புள நோய் இலங்கைக்குள் நுழைந்தது. பனியும் மழையும் சேரும் மாதங்களில் அது என்ன செய்யும் என்று உயர்நாட்டுத் தோட்டத்தில் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. முதலில் இளம் இலையில் எண்ணெய் தெறித்தது போலச் சிறு பொட்டு. பிறகு மேற்புறம் குழி, அடிப்புறம் கொப்புளம். கொப்புளம் வெள்ளையாக வெடித்து, தூள் காற்றில் பறந்து அடுத்த மலைக்குப் போகும். அது தாக்குவது முற்றிய இலையை அல்ல, நாம் எடுக்கும் அதே தளிர்க் கொழுந்தை. ஆகவே அந்த எண்ணெய்ப் பொட்டை முதலில் காண்பவர் யார்? தோட்டத்துரை அல்ல. வெளிக்கள உத்தியோகத்தர் அல்ல. ஏழு நாளைக்கு ஒருமுறையோ பத்து நாளைக்கு ஒருமுறையோ அதே நிறைக்குத் திரும்பி வந்து, ஒவ்வொரு செடியின் மேலும் கை வைக்கும் பெண். இந்த மலையில் அவளைப் போல எல்லாச் செடியையும் பார்ப்பவர் வேறு யாரும் இல்லை.

அவள் கண்டதைச் சொன்னால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. நின்று பார்த்தால் நிறை குறையும், நிறை குறைந்தால் பேர் குறையும். நோய் பிடித்த மலையில் நல்ல கொழுந்து குறைவாக இருக்கும்போதும் பல இடங்களில் நோர்ம் இறங்குவதில்லை. நோயைச் சொன்னதற்கு ஒரு சதம் கூலி கிடையாது. நோய் வந்ததற்குத் தண்டனை மட்டும் அவளுக்கு.

இப்போது போனைப் பாருங்கள். இலைப் படத்திலிருந்து நோயைச் சொல்லும் மென்பொருள் தானாகப் பிறப்பதில்லை. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, "இது நோய், இது நோயல்ல" என்று மனிதர் சொல்லிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளான்ட்வில்லேஜ் குழு 54,000க்கு மேற்பட்ட இலைப் படங்களை உலகுக்குத் திறந்து விட்டது. 14 பயிர்கள் அதில் உண்டு, தக்காளி, உருளைக்கிழங்கு, ஆப்பிள் எல்லாம் உண்டு. தேயிலை இல்லை. 2015இல் ஜேர்மனியில் தொடங்கப்பட்ட பிளான்டிக்ஸ் செயலி, விவசாயிகளே அனுப்பும் படங்களைக் கொண்டு வளர்ந்தது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தேயிலையின் கொப்புள நோயைப் படத்தில் கண்டறியும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

தேயிலைப் படம் வேறு எங்கும் தயாராக இல்லை என்றால், அது எங்கிருந்து வர வேண்டும்? நம் மலையிலிருந்து. யார் கையால்? நிறையில் நிற்பவர் கையால். எந்தப் பொட்டு நோய், எந்தப் பொட்டு பூச்சிக் கடி, எது வெறும் வெயில் சுட்டது என்று பிரித்துச் சொல்வது யார்? இருபது, முப்பது ஆண்டு கொழுந்து எடுத்த கண். அந்தக் கண் சொன்னதை மென்பொருளாக்கி, அந்தக் கருவிக்கு ஆக்கவுரிமை எடுத்து, அதையே தோட்டத்துக்கு விற்று, கடைசியில் "இந்தக் கருவி வந்துவிட்டதால் ஆட்களைக் குறைக்கிறோம்" என்று சொன்னால், அதற்கு என்ன பெயர்? நம் அகராதியில் அதற்குப் பெயர் சுரண்டல். கடையில் பளபளப்பான உறையில் கிடைத்தாலும் அது சுரண்டல்தான்.

"முதலீடு செய்தவருக்குத்தானே பலன்?"

எதிர்த்தரப்பு வாதத்தை நேராகப் பார்ப்போம். ஆக்கவுரிமை இல்லாவிட்டால் யாரும் காசு போட்டு ஆராய்ச்சி செய்யமாட்டார்கள், புதுமை நின்றுவிடும் என்கிறார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆக்கவுரிமை ஒரு பேரம். கண்டுபிடித்தவர் தன் இரகசியத்தை எழுதி எல்லோர் முன்னும் வைக்க வேண்டும். பதிலுக்கு அரசு 20 ஆண்டுக்கு அதைக் காக்கும். நியாயமான பேரம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பேரத்தில் படம் கொடுத்தவர் எங்கே? பொட்டைப் பிரித்துச் சொன்னவர் எங்கே? முதலீடு என்பது காசு மட்டும்தானா? முப்பது ஆண்டுக் கண் முதலீடு இல்லையா?

ஆக்கவுரிமை இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பதும் பொய். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் உருவானது. தலவாக்கலை சென்.கூம்ஸ் தோட்டத்தில் இன்றும் இருக்கிறது. தேயிலை ஏற்றுமதியில் கிலோவுக்கு இவ்வளவு என்று எடுக்கும் செஸ் வரிதான் அதை வளர்த்தது. அந்த ஒவ்வொரு கிலோவும் யார் எடுத்த கிலோ என்று சொல்லத் தேவையில்லை. 1930களில் தேயிலைச் சுருட்டுப் புழு மலைகளை அழித்தபோது, அந்த நிலையம் 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டது. குளவி புழுவை அடக்கியது. இன்றும் அடக்குகிறது. அந்தக் குளவி எந்தத் தோட்டத்திடமும் உரிமைக் கட்டணம் கேட்டதில்லை. அதே நிலையம் உருவாக்கிய டீ.ஆர்.ஐ. 2025 போன்ற நல்லினச் செடிகள் மலை மலையாக நடப்பட்டன. பொதுக் காசில், பொது நிலையத்தில், பொது நன்மைக்காக அறிவு வளர முடியும் என்பதற்கு நம் மலைகளே சாட்சி. நோய் கண்டறியும் மென்பொருளையும் அப்படி ஏன் செய்ய முடியாது?

ஒரு நீல விளக்கின் வழக்கு

"தொழிலாளி கண்டுபிடித்தால் என்ன, கம்பனி சம்பளம் கொடுக்கிறதே" என்பவர்களுக்கு ஜப்பானிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. நிச்சியா என்ற கம்பனியில் ஷூஜி நக்கமுரா என்ற ஊழியர் 1990களின் தொடக்கத்தில் பிரகாசமான நீல நிற எல்.ஈ.டி. விளக்கைச் செய்து காட்டினார். சிவப்பும் பச்சையும் ஏற்கனவே இருந்தன, நீலம்தான் கிடைக்கவில்லை. நீலம் கிடைத்த பிறகுதான் வெள்ளை எல்.ஈ.டி. வந்தது, போன் திரைக்கும் தொலைக்காட்சித் திரைக்கும் அது ஒளி கொடுத்தது. கம்பனி கோடி கோடியாகச் சம்பாதித்தது. கண்டுபிடித்தவருக்கு அந்த ஆக்கவுரிமைக்காகக் கிடைத்த வெகுமதி 20,000 யென். அமெரிக்கக் காசில் இருநூறு டொலர் கூட வராது.

அவர் வழக்குப் போட்டார். 2004 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது. கம்பனி மேன்முறையீடு செய்தது. 2005இல் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்குச் சமரசமானது. 2014இல் அவருக்கும் வேறு இரு விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர் வழக்குப் போடாமல் இருந்திருந்தால் அந்த 20,000 யென்னோடு கதை முடிந்திருக்கும்.

"அவர் பொறியியலாளர், நாம் கூலிகள்" என்று எண்ண வேண்டாம். நம் ஸ்டோர்களில் சிராய்ப் பெட்டியை மாற்றி அமைத்தவர், உருட்டும் இயந்திரத்தின் பழைய பாகத்துக்குத் தானே மாற்றுப் பாகம் கடைந்தவர், சல்லடை அடைக்காமலிருக்க வழி கண்டவர் எத்தனை பேர்? பிட்டர் ஒருவரின் யோசனையால் மாதக்கணக்கில் டீசல் மிச்சமானால், அந்த மிச்சம் யார் கணக்கில் ஏறுகிறது? துரையின் அறிக்கையில் ஒரு வரியாக ஏறுகிறது. பிட்டரின் பெயர் அந்த வரியில் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. அதில் நமக்கு உதவும் சில விதிகள் உண்டு. பொதுவாக நம்மிடம் யாரும் அவற்றைச் சொல்வதில்லை, ஆகவே இங்கே சொல்கிறோம்.

முதலாவது, வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் முதலாளிக்குப் போகும். அது உண்மை. ஆனால் அதோடு முடியவில்லை. ஒப்பந்தம் செய்தபோது எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான பெறுமதி அந்தக் கண்டுபிடிப்புக்கு வந்தால், கண்டுபிடித்தவருக்கு நியாயமான ஊதியம் கேட்கும் உரிமை உண்டு. இரு தரப்பும் இணங்காவிட்டால் நீதிமன்றம் தொகையைத் தீர்மானிக்கலாம்.

இரண்டாவது, வேலைக்குச் சம்பந்தமில்லாமல், தோட்டத்தின் பொருளோ வசதியோ பயன்படுத்தாமல், சொந்த நேரத்தில் செய்தது செய்தவருக்கே சொந்தம்.

மூன்றாவது, ஆக்கவுரிமைப் பத்திரத்தில் கண்டுபிடித்தவரின் பெயர் இருக்க வேண்டும். தனக்குப் பெயர் வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்தால்தான் விடலாம். "பெயர் வேண்டாம் என்று எழுதித் தருகிறேன்" என்று முன்கூட்டியே வாங்கும் வாக்குறுதிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

நான்காவது, எல்லாவற்றுக்கும் ஆக்கவுரிமை கிடைக்காது. செடி, விலங்கு, கணித முறை, இயற்கையில் ஏற்கனவே உள்ளதைக் கண்டறிவது ஆகியவற்றுக்குச் சட்டம் ஆக்கவுரிமை தராது. உலகில் ஏற்கனவே தெரிந்திருந்ததற்கும் தராது. இந்தக் கடைசி விதி நமக்கு மிக முக்கியம். 1995இல் அமெரிக்காவில் மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு ஒரு பல்கலைக்கழகம் ஆக்கவுரிமை வாங்கியது. நம் பாட்டிமார் சிரித்திருப்பார்கள். இந்திய அரசின் விஞ்ஞான ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாக வைத்து எதிர்த்தது. 1997இல் அந்த ஆக்கவுரிமை இரத்தானது. அந்த வழக்கை வென்று கொடுத்தது எழுத்து. பாட்டி சொன்னாள் என்பது வாதமாக நின்றிருக்காது. எழுதி வைத்த ஏடு சாட்சியாக நின்றது.

ஆகவே எழுதி வையுங்கள். மலையில் எல்லோருக்கும் தெரிந்த பொதுவான வழக்கங்களை, அதாவது நோயை எந்த அடையாளத்தால் அறிகிறோம், எந்த மாதம் எந்த மூலையில் முதலில் வரும், வெட்டிய செடியை எப்படிக் காக்கிறோம் என்பதையெல்லாம் கிளைக் கூட்டத்தில் பேசி, திகதி போட்டு, கிளைப் புத்தகத்தில் பதியுங்கள். நாளை யாராவது அதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று கொண்டுவந்தால் நம் கையில் ஏடு இருக்கும். ஆனால் ஒருவர் தனியாகப் புதிதாக ஒரு கருவி செய்திருந்தால் நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஊருக்கெல்லாம் காட்டாதீர்கள், போனில் படம் அனுப்பாதீர்கள், எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள். முதலில் சங்கத்துக்கு வாருங்கள்.

புதுக்கடைக்கு வழி யாருக்குத் தெரியும்?

உரிமை சட்டப் புத்தகத்தில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. புலமைச் சொத்து வழக்கு கேட்கும் இடம் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம். நுவரெலியாவிலோ பதுளையிலோ அல்ல. தலவாக்கலையிலிருந்து ஒருவர் கொழும்புக்கு வந்து போக ஒன்றிரண்டு நாள் பேர் போகும், பஸ் காசு போகும், சட்டத்தரணி செலவு தனி. அந்தத் தூரமே கம்பனிகளுக்கு ஒரு மதில்.

ஆனால் கம்பனிகளுக்குப் புதுக்கடை தூரமில்லை. 2024 மே மாதம் நாளொன்றுக்கு 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் புதுக்கடைப் படிகளில் ஏறின. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை மூலம் வந்தது 1,350 ரூபா. அதற்கு முன்பும் இப்படித்தான். 2021இல் 1,000 ரூபா வந்தபோது கூட்டு ஒப்பந்தத்திலிருந்து கம்பனிகள் விலகின, தோட்டங்களில் நோர்ம் ஏறியது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் கிலோவாக வாங்கிக்கொண்டார்கள். சட்டத்தைப் பயன்படுத்துவது எப்படி என்று அவர்களிடமிருந்தே நாம் கற்கலாம். தனி ஆளாக ஒரு பிட்டரோ ஒரு கொழுந்தெடுக்கும் பெண்ணோ அந்தப் படியில் ஏற முடியாது. சங்கம் ஏற முடியும்.

நமக்குள்ளும் ஒரு வார்த்தை

"இதெல்லாம் பிறகு, முதலில் சம்பளத்தைப் பேசுவோம்" என்று சொல்லும் தோழர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இதுவும் சம்பளப் பேச்சுத்தான். உற்பத்தித்திறன் கூடினால்தான் சம்பளம் கூட்டலாம் என்று கம்பனிகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. மெஷினாலும் மென்பொருளாலும் உற்பத்தித்திறன் கூடும்போது, அது மெஷினின் சாதனை என்று எழுதிவிட்டால் நம் பங்கு பூச்சியம். அது நம் கண்ணும் கையும் சேர்ந்த சாதனை என்று இன்றே எழுத்தில் ஏற்றினால்தான் நாளை பங்கு கேட்க முடியும். பேச்சுவார்த்தை மேசையில் கணக்குப் புத்தகம் திறக்கும் முன்பே பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது.

இன்னொரு பக்கம், "போனைத் தொடமாட்டோம், தராசை உடைப்போம்" என்று கோபப்படும் இளைஞர்களும் இருக்கிறார்கள். கோபம் நியாயம், வழி பிழை. நம் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறார்கள், தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படிக்கிறார்கள். கொப்புள நோயை அறியும் செயலியை லயத்தில் பிறந்த ஒரு பிள்ளை செய்யட்டும். அம்மாவின் கண்ணுக்குத் தெரிந்ததை அந்தப் பிள்ளையைவிட நன்றாக யாரால் மென்பொருளாக்க முடியும்? கண்டுபிடிப்பாளர்களுக்கு உதவவென்று 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு ஆணைக்குழு நாட்டில் இருக்கிறது. அதன் கதவை மலையகம் இன்னும் ஓங்கித் தட்டவில்லை.

நம் கோரிக்கைகள்

இந்தக் கோரிக்கைகளைக் கிளைக் கூட்டங்களில் பேசித் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. கொழுந்து நிறுக்கும் ஒவ்வொரு மின்தராசிலும் தொழிலாளியைப் பார்த்த திரை வேண்டும். ஒவ்வொரு நிறைக்கும் அச்சடித்த துண்டு கையில் வேண்டும். கழிவு எவ்வளவு, எதற்கு என்று அதில் தனியாக இருக்க வேண்டும். அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை இல்லாத தராசில் கொழுந்து நிறுக்கக் கூடாது.

2. நோயைக் கண்டு சொல்வதும் படம் எடுப்பதும் வேலை. அந்த நேரத்துக்குக் கூலி வேண்டும். அன்றைய நோர்மில் அது கழிய வேண்டும். நோய் பிடித்த மலையில் நோர்ம் இறங்க வேண்டும்.

3. தொழிலாளரிடம் சேகரிக்கும் இலைப் படங்களும் தகவல்களும் எதற்குப் போகின்றன, யாருக்குப் போகின்றன என்று எழுத்தில் சொல்ல வேண்டும். சங்கத்தோடு உடன்பாடு இல்லாமல் அவற்றை வெளியாருக்கு விற்கக் கூடாது.

4. தோட்டத்திலோ ஸ்டோரிலோ தொழிலாளியின் யோசனையில் உருவான எந்தப் புதுமைக்கும் அவர் பெயர் பதிய வேண்டும், நியாயமான பங்கு கொடுக்க வேண்டும். இதைப் பேசும் ஒப்பந்தங்களில் ஒரு வாசகமாகச் சேர்க்க வேண்டும்.

5. தேயிலை நோய் கண்டறியும் மென்பொருளைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் பொதுச் சொத்தாக உருவாக்கி, தமிழிலும் சிங்களத்திலும், சிறுதோட்ட உரிமையாளருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

6. புது மெஷின் வரும்போது ஆட்குறைப்புக்கு முன் சங்கத்துடன் பேச்சு வேண்டும். மெஷினால் வரும் மிச்சத்தில் சம்பளத்துக்கு எவ்வளவு என்று அந்தப் பேச்சில் முடிவாக வேண்டும்.

இவற்றில் எதுவும் தோட்டத்தை மூடிவிடாது. முதலாவது கோரிக்கைக்கு ஒரு சிறு திரையும் ஒரு கடதாசிச் சுருளும் போதும். அதைக்கூடத் தர மறுக்கும் கம்பனி, "நவீனமயமாக்கல்" என்ற சொல்லை நம் முன்னால் உச்சரிக்கத் தகுதியற்றது.

தோழர்களே, உருட்டிய கையின் பெயரை அன்று யாரும் எழுதவில்லை. எழுதத் தெரியாத காலம், கேட்க ஆள் இல்லாத காலம். இன்று நமக்கு எழுத்து இருக்கிறது, சங்கம் இருக்கிறது, சட்டத்தில் ஒரு சிறு வாசலும் இருக்கிறது. இந்த மாதக் கிளைக் கூட்டத்தில் முதல் வேலையாக ஒரு புத்தகம் வாங்குங்கள். உங்கள் மலையில் நோயை முதலில் கண்டவரின் பெயரையும், கண்ட திகதியையும் அதில் எழுதுங்கள். அந்தப் பெயரிலிருந்து நம் கணக்கைத் தொடங்குவோம்.

— சட்டப் பிரிவு, புதுக்கடை